மலையக வீடு முழுக்கச் சாம்பல் பச்சை: மழைக்காலங்கள் தாண்டிய பிறகு

சேஜ் கிரீன் என்று கலர் கார்டில் வரும் சாம்பல் ஓடிய பச்சை, மலையகத்தில் வீடு முழுக்க அடிக்கத் தகுந்த நிறம்தான். சில மழைக்காலம் கண்ட சுவர்களை வைத்துச் சொல்வது இது. தூசி சட்டென்று தெரியாது, கண்ணுக்கு அலுக்காது. பழைய சிவப்புச் சீமெந்துத் தரையோடு வேறெந்தப் பச்சையை விடவும் இது ஒத்துப்போகும். சிவப்புக்குப் பக்கத்தில் பளிச்சென்ற பச்சை வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டிக் கண்ணைக் குத்தும். சாம்பல் கலந்ததால் இது அடங்கி நிற்கிறது. ஆனால் ஒரே நிறம்தானே என்று எல்லா அறைக்கும் ஒரே பெயின்ட்டை வாங்கும் வீடுகளில்தான் காரியம் கெடுகிறது.

முதலில் வெளிச்சம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பகலிலும் மூடுபனி. அந்த வெளிச்சத்தில் நீலம் அதிகம். நீலப்பக்கம் சாய்ந்த பச்சையை எடுத்திருந்தால் ஜூன், ஜூலையில் சுவர் வெறும் சீமெந்துப் பூச்சாகத்தான் தெரியும். மஞ்சள் பக்கம் சாய்ந்ததை எடுங்கள். வடக்குப் பார்த்த அறை குளிர்ந்த வெளிச்சம் என்று ஐரோப்பியக் குறிப்புகள் சொல்வதை இங்கே அப்படியே எடுக்க முடியாது. இலங்கையின் மலைநாடு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் முடியும் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதே இங்கு பெரிய விஷயம். தேயிலைச் சரிவைப் பார்த்த அறைக்குள் வருகிற வெளிச்சமே பச்சை. சுவர் ஒரு படி கூடித் தெரியும். அந்த அறைக்கு மட்டும் அதே நிற இலக்கத்தைப் பாதிச் செறிவில் கலந்து தரச் சொல்லுங்கள்.

பல்ப்பும் நிறத்தை மாற்றும். பல்ப்பின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; இலக்கம் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளை எல்ஈடியில் இந்தப் பச்சை ஆஸ்பத்திரிச் சுவராகிவிடும். 3000 கெல்வினில் ஒலிவ் பக்கம் போகும். 4000தான் நடு. இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் இரண்டு கோட் அடித்து, ஒவ்வொரு அறையிலும் காலைப் பனியிலும் இரவு பல்ப்பிலும் சாத்திவைத்துப் பார்த்த பிறகு டின் வாங்குங்கள்.

அளவு: 10க்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்றால் சுவர் 396 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் கழித்தால் 340 அளவில் நிற்கும். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும். இரண்டு கோட்டுக்கு 4 லீற்றர் டின் இரண்டு, பிரைமர் ஒன்று. டின்னுக்கு டின் நிறம் சற்று விலகும் என்பதால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடியுங்கள்.

புதுச் சீமெந்துப் பூச்சு காய்ந்து பெயின்ட் அடிக்க 28 நாள் என்பார்கள். மேட்டு நிலக் குளிரில் ஆறு முதல் எட்டு வாரம் விடுவது நல்லது. காயாத சீமெந்தின் காரத்தன்மை (அல்கலி) சில மஞ்சள் நிறமிகளைத் தின்றுவிடும், பச்சை நீலமாக மாறும். ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டிவையுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் போதவில்லை. மண்மேட்டை ஒட்டிய பின்சுவரென்றால் முதலில் பின்னால் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாமல் எந்த பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்துக் கொப்பளிக்கும்.

எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சரியாகப் படியாது. ஜனவரி, பெப்ரவரி காய்ந்த மாதங்கள்தான், ஆனால் நுவரெலியாவில் நிலப்பனி விழுவதும் அப்போதுதான். காலை 9 மணிக்குத் தொடங்கி பிற்பகல் 2 மணியோடு ரோலரை வைத்துவிடுங்கள். பிந்தி அடித்த சுவரில் மறுநாள் பழுப்புநிறப் பிசுபிசுப்புக் கோடுகள் ஒழுகி நிற்கும். பெயின்ட் கெட்டுவிட்டதென்று பலர் அதன் மேலேயே இன்னொரு கோட் அடிக்கிறார்கள், அது வேண்டாம். பெயின்ட்டிலும் நிறக்கலவையிலும் உள்ள சோப்புத்தன்மையான பொருள், மெதுவாகக் காயும்போது மேலே வந்துவிடுகிறது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். இரண்டு மூன்று முறை திரும்ப வரலாம். பாத்ரூமில் அடித்தால் சில நாள் அங்கே சுடுதண்ணீர்க் குளியல் வேண்டாம்.

இந்த நிறத்தின் ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பூஞ்சணத்தின் முதல் புள்ளிகள் வெள்ளைச் சுவரில் போலத் தெரியாது. கண்ணில் படும்போது பரவிவிட்டிருக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள், மாதம் ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். வந்துவிட்டால் ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீர் தடவி, 15 நிமிடம் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். வேறு கழிவறைத் திரவம் எதையும் அதோடு சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். பூஞ்சணத்தின் மேல் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே கறுக்கும்.

குசினிக்கும் பாத்ரூமுக்கும் சாட்டின் (மெல்லிய பளபளப்புள்ளது), மற்ற அறைகளுக்கு மேட் (பளபளப்பில்லாதது). பழைய கருங்கல் வீடுகளின் மேடுபள்ளத்தை மேட் மறைக்கும், சாட்டின் காட்டிக்கொடுக்கும். ஆனால் மேட் சுவரில் சுவிட்ச் பக்கம் கை உரசிப் பளபளப்பு ஏறும். அங்கே தேய்த்துக் கழுவினால் இன்னும் கூடும். மிஞ்சிய பெயின்ட்டைப் போத்தலில் நிரப்பி, நிற இலக்கம், பேஸ் (நிறம் கலக்கும் அடிப்படைப் பெயின்ட்), செறிவு மூன்றையும் மூடியில் எழுதிவையுங்கள். திருத்தும்போது பிரஷ் வேண்டாம், முதலில் அடித்த அதே வகை ரோலர்தான். பிரஷ் பட்ட இடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும்.