ஒமெப்ரசோலா, ஃபமோடிடினா? நோக்குளிசை போடுறவைக்கு எது நல்லம்

திருமலையில எங்கட மாமி முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக் போடுறவ, அது வயித்துச் சவ்வைக் காக்கிற புரோஸ்டாகிளாண்டின் எண்ட பொருளைக் குறைச்சுப்போடும், சளிப்படை மெலிஞ்சு அமிலம் நேரா சவ்வை அரிக்கும். அந்த அமிலத்தைக் குறைக்கத்தான் இந்த ரெண்டு மருந்தும். ஃபமோடிடின், அமிலம் சுரக்கச் சொல்லி ஹிஸ்டமின் எண்ட பொருள் குடுக்கிற சிக்னலை மட்டும்தான் மறிக்குது, ஒரு மணித்தியாலத்தில சுகம் தெரியும், ஆனா தொடர்ந்து போட்டா உடம்பு பழகிடும்.

ஒமெப்ரசோல் அமிலம் சுரக்கிற பம்பையே பூட்டிப்போடும், புதுப் பம்ப் வருமட்டும் திறக்காது, தொடர்ந்து போட்டுவந்தா புண்ணும் ஆறும். ஆனா காலமை சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடோணும், மாமி இடியப்பம் சொதி எல்லாம் முடிச்சிட்டுத்தான் போடுறவ, பிறகு எரியுது எண்டு உப்புவெளிக் கடற்கரையில நெஞ்சைத் தடவிக்கொண்டு இருப்பா, பாக்கவே கஷ்டம்.

நோக்குளிசை விடேலாதவைக்கு ஒமெப்ரசோல்தான் எண்டு சொல்லுவன், எப்பவாவது வாற எரிவுக்கு ஃபமோடிடின் காணும். மலம் கறுப்பாப் போனா மட்டும் ரெண்டையும் நம்பாம உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.