உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கவனம்: யூவி லைட் என்று சொல்லி 38,500 ரூபாயை அடித்துவிட்டார்கள்

38,500 ரூபாய் போய்விட்டது. காசு போனதைவிட அது போன விதம்தான் வயிற்றெரிச்சல். திருகோணமலையில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. அவர்களாவது தப்பட்டும் என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன். பெயர் போடவில்லை. கடை என்று ஒன்று கிடையாது. வலைத்தளத்தில் ஒரு விற்பனைப் பக்கம், மெசேஜில் ஓடர், வங்கியில் காசு, கூரியரில் பார்சல். அந்த வகை ஆட்கள். என் தொட்டியில் படிந்த பழுப்புச் சளித் தொல்லைக்கு உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

என் தொட்டி 150 லீட்டர். உலர்ந்த கல் போட்டு, நிலாவெளியில் இருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்து தொடங்கினேன். புதுத் தொட்டியில் முதலில் பழுப்புத் தூள் படிவது வழக்கம். அது டயட்டம் என்கிற நுண்பாசி, தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்தால் தானாகப் போய்விடும். போனது. அதற்குப் பிறகு வந்ததுதான் சனியன். மணலிலும் கல்லிலும் சளி போலப் பழுப்பு நூல், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. உறிஞ்சி எடுத்தால் மறுநாள் திரும்ப நிற்கும்.

படம் எடுத்து அந்தப் பக்கத்துக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. "அண்ணா, இரவு லைட் அணைச்சா குறையுதா? விடிய சுத்தமா இருந்து மத்தியானம் திரும்ப வருதா?" அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது. "அப்ப கொஞ்சம் எடுத்து ஒரு கிளாஸில போட்டு நல்லா குலுக்குங்க. டிஷ்யூவில வடிகட்டி அந்தத் தண்ணிய லைட்டுக்குக் கீழ வைங்க. திரும்ப நூலாச் சேர்ந்தா அது பாசி இல்ல அண்ணா, டைனோ." வைத்தேன். கிளாஸில் தெளிவாக இருந்த தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் மெல்லிய பழுப்பு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. டைனோ என்றால் டைனோஃபிளஜலேட், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. ஊரில் ஒருவருக்கும் தெரியாததை முன்பின் தெரியாத ஒரு தம்பி போனிலேயே கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரும்?

இதில் சில இனம் இரவில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் கிளம்பும், அப்போது தண்ணீரில் புற ஊதா ஒளி பாய்ச்சுகிற யூவி விளக்கு அதைக் கொன்றுவிடும் என்றான். அதுவும் உண்மைதான். யூவி 24,000, பொஸ்பேட் உறிஞ்சி 8,000, "டைனோ கில்லர்" போத்தல் 6,500. மொத்தம் 38,500 ரூபாய். அன்றே வங்கியில் போட்டு ஸ்லிப்பை அனுப்பினேன்.

பார்சல் வந்தது. அவன் சொன்ன அளவுக்குப் போத்தல் மருந்தை ஊற்றினேன். அடுத்த நாள் காலை நத்தைகள் எல்லாம் சதை வெளியே தொங்க மல்லாக்கக் கிடந்தன. இறால் வெளிறி, கல் இடுக்கில் செத்துக் கிடந்தது. மீன்கள் மட்டும் தப்பின. போத்தலை எடுத்துப் பார்த்தால், ஈரம் பட்டு லேபிளின் ஓரம் கிளம்பியிருந்தது. உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்: நன்னீர்க் குளங்களுக்கு மட்டும், கொப்பர் சல்பேட். மயில்துத்தம்! மீன் தாங்குகிற அளவு செம்பே நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு.

அவனிடம் கேட்டேன். "டைனோவே விஷம் அண்ணா, அதைத் தின்ற நத்தை சாகும்." இப்படி ஒரு பதில். சில டைனோ நத்தையைக் கொல்லும் என்பது சரி. தெரிந்த உண்மையை எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக்கொடுக்கிறான், பாருங்கள். பொஸ்பேட் உறிஞ்சியும் அப்படித்தான். பாசிக்கு உரமான நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் பூச்சியத்துக்கு விழுந்த புதுத் தொட்டியில்தான் டைனோ தலைதூக்கும். அங்கே மிச்ச பொஸ்பேட்டையும் உறிஞ்சச் சொன்னால் டைனோவுக்குக் கொண்டாட்டம்தான். அவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

பிறகு யூவியை உவர்மலையில் ரேடியோ திருத்துகிற ஒரு ஐயாவிடம் கொடுத்தேன். மூடியைக் கழற்றியவர் சிரித்துவிட்டார். உள்ளே குவார்ட்ஸ் குழாயும் இல்லை, யூவி பல்பும் இல்லை. ஓட்டோவில் அலங்காரத்துக்கு ஒட்டுகிற நீல எல்இடி பட்டி!

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். "கொம்பனியிடம் கேட்டுச் சொல்றன் அண்ணா." "முதலாளி கொழும்பு போயிட்டார்." "நீங்க கழட்டிட்டீங்க, இனி வொரண்டி இல்ல." கழற்றாமல் எப்படி ஐயா தெரியும்? கடைசியில் அண்ணாவும் போய், பதிலும் போய், புரொஃபைல் படமும் காணாமல் போனது. தளத்துக்காரர்களுக்கு எழுதினால், வெளியே கட்டிய காசுக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். 38,500 ரூபாய்க்கு ஒரு வரிப் பதில்.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். மீன்கள் வாளியில் கிடக்கின்றன, வாளித் தண்ணீரை மாற்ற வேண்டும். அதனால் சுருக்கமாக: டைனோ என்றால் முதலில் நைட்ரேட், பொஸ்பேட் அளந்து பாருங்கள். பூச்சியம் என்றால் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது. சும்மா சும்மா தண்ணீர் மாற்றவும் வேண்டாம். லேபிளில் என்ன இருக்கிறது என்று எழுதாத போத்தலைத் தொட்டிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். செம்பு பட்ட கல்லும் மணலும் அதைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், அதையே திரும்பப் பாவிக்காதீர்கள். யூவியைக் காசு கட்ட முன் திறந்து காட்டச் சொல்லுங்கள், எரிகிற யூவி பல்பை மட்டும் வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம். அதே ஆள் "புறாத்தீவு உயிர்க்கல்" என்று, கடலில் இருந்து உயிர்களோடு எடுத்த கல்லையும் விற்கிறான். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே கல் எடுப்பது குற்றம், வாங்கினால் நீங்களும் மாட்டுவீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. இப்படி ஒரு பக்கத்துக்குக் காசு போட்டவர்கள் வேறு யாரும் இருந்தால் ஸ்லிப்பையும் குரல் பதிவையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.