சட்டைப்பை நனையாத இரண்டரை வருடம்

முதல் மாதம் நனைந்தது. அதுவும் கொஞ்சமல்ல.

2023 நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான், போகும்போது தன்னுடைய வேப்பை (ஆவி இழுக்கும் மின்சிகரெட்டை) என்னிடம் தந்துவிட்டுப் போனான். "சின்னச் சாமான் நோண்டுறது உனக்குத்தானே விருப்பம், நீயே வச்சிரு" என்றான். யாழ்ப்பாணம் ரவுணில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சாவணம், மல்ரிமீற்றர், உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் மேசையிலேயே கிடக்கும். அப்போது நான் 14 வருடமாகச் சிகரெட் பிடிக்கிறவன். அதிலிருந்து இறங்க ஒரு படி தேவைப்பட்டது, அதனால்தான் வாங்கிக்கொண்டேன். புகைக்காதவர் யாராவது இதை வாசித்து ஆசைப்பட்டால், தயவுசெய்து வேண்டாம். நிக்கொட்டின் இதிலும் இருக்கிறது, அடிமைத்தனமும் கூடவே இருக்கிறது. நான் சிகரெட்டை விட்டேனே தவிர நிக்கொட்டினை இன்னும் விடவில்லை.

நான் சொல்லப்போவது வேப்பில் ஜூஸ் (நிக்கொட்டின் கலந்த திரவம்) நிற்கும் பாகத்தைப் பற்றி: 24 மில்லிமீற்றர் அகலம், 4 மில்லிலீற்றர் கொள்ளளவு, உள்ளே ஒரே ஒரு கொயில் (சூடாகும் கம்பிச் சுருள்), காற்று அடியால் நுழையும். கடையில் விற்கும் கொயிலை மாற்றிப் போடுகிற வகை அல்ல. நாமே கம்பி சுற்றி, ஜூஸைக் கொயிலுக்கு உறிஞ்சிக் கொடுக்கும் பஞ்சையும் நாமே வைக்க வேண்டும். ஆர்.ரி.ஏ. (RTA) என்பார்கள், நான் தாங்கி என்றே எழுதுகிறேன். எந்த நிறுவனத்தினது என்று சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாட்டில் அதன் பங்கு மிகக் குறைவு என்பது பின்னால் விளங்கும்.

மூன்றாம் நாள் ஒரு கலியாண வீடு. வெள்ளைச் சட்டைப்பையில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. பேனை ஒழுகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்தார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கடை மேசை, மோட்டார் சைக்கிள் சீற், ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் ரசீது என்று எல்லா இடத்திலும் பிசுபிசுப்பு. றப்பர் வளையம் எல்லாவற்றையும் மாற்றினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். பூட்டும் மரையை இன்னும் இறுக்கினேன். ஒழுகல் நிற்கவில்லை. தாங்கி பழுது என்று முடிவுகட்டி மச்சானுக்கு ஒரு நீண்ட குரல் செய்தியும் அனுப்பினேன், இப்போது அதைக் கேட்டால் வெட்கமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் தாங்கியைப் பிரித்து வைத்துக்கொண்டு பஞ்சு மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தா. இந்தச் சாமானை அவவுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் திரி என்றால் அவவால் சும்மா போக முடியாது.

"உது ஜாம் போத்தல் விளக்கு மாதிரித்தானே? திரியை ஏன் உப்பிடிச் சோனியா விட்டிருக்கிறாய்?"

90களில் இங்கே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் குதிரை விலை விற்றது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் ஒரு திரியை இழுத்துக் கொளுத்துவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. நான் அந்த வெளிச்சத்தில்தான் வாய்ப்பாடு பாடமாக்கினேன்.

"வால்வுக்குள்ள திரி லூசா இருந்தா பக்கத்தால எண்ணெய் ஏறிப் பொங்கிப் பத்தும். இறுக்கி அடைஞ்சா எண்ணெய் ஏறாது, திரிதான் கருகும். அதுக்கு விளக்கை ஏசி என்ன பிரயோசனம்?"

சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டா. நான் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு மாதமாக வளையத்தையும் மரையையும் சந்தேகப்பட்டவன், திரியைப் பற்றி ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

விசயம் இதுதான். கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கப் போத்தலைக் கவிழ்த்து வைப்போம் அல்லவா? தண்ணீர் ஏன் முழுவதும் கொட்டிவிடுவதில்லை? உள்ளே காற்று போனால்தான் வெளியே தண்ணீர் வரும். வாய் மூடியிருக்கும்வரை உள்ளழுத்தம் குறைவாகவே இருக்கும், தண்ணீர் தொங்கிக்கொண்டு நிற்கும். தாங்கியும் அப்படித்தான். நாம் இழுக்கும்போது பஞ்சில் இருந்து ஜூஸ் ஆவியாகிறது, அந்த இடத்துக்குத் தாங்கியில் இருந்து கொஞ்சம் இறங்குகிறது, ஒரு காற்றுக் குமிழி மேலே ஏறுகிறது. ஜூஸ் இறங்கும் வாய்க்காலின் வாயை ஈரப் பஞ்சு முழுவதும் மூடியிருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடக்கும். ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் காற்று தன்பாட்டில் உள்ளே போகும், ஜூஸ் தன்பாட்டில் கீழே வரும். கொயில் அறை நிரம்பி, காற்றுத் துளையால் சட்டைப்பைக்கு வரும். என் தாங்கியில் நடந்தது இதுவேதான். பஞ்சு கூடிவிட்டால் தொண்டை கருகும் என்று பயந்து, குறைத்துக் குறைத்து வைத்திருந்தேன்.

கொயிலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 26 கேஜ் காந்தல் (Kanthal என்ற, சூட்டைத் தாங்கும் கலப்புலோகம்) கம்பி, அதாவது 0.4 மில்லிமீற்றர் தடிப்பு. 3 மில்லிமீற்றர் துளைபோடும் ஊசியில் ஆறு சுற்று. மீற்றரில் 0.85 ஓம் அளவில் வரும். (எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்கிற ஊர் என்பதால் இங்கே யாருக்கும் இந்த அலகு மறக்காது.) 18 வாற்றில் எனக்குப் போதும். 10 மீற்றர்ச் சுருள் ஒன்றில் நூறு கொயிலுக்கு மேல் சுற்றலாம், இன்னும் முதல் சுருளையே முடிக்கவில்லை. பூட்டியதும் பஞ்சு வைக்க முதல், குறைந்த வாற்றில் வைத்து, பொத்தானை இடைவிட்டு இடைவிட்டு அழுத்தி, பீங்கான் முனைச் சாவணத்தால் மெல்ல வருடிவிடுங்கள். நடுவில் இருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் அந்த இடத்தில் பஞ்சு கருகும். கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்கிற அண்ணை ஒருவரிடம் காட்டினேன். "கம்பியை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு சுத்து தம்பி, தளர விட்டாச் சுருள் சிரிக்கும்" என்றார். சுருள் சிரிப்பது என்றால் என்ன என்று இரண்டாவது கொயிலில் கண்டேன்.

இனிப் பஞ்சு. நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு உதவாது. அதன் நாரில் மெழுகுத்தன்மை உண்டு, ஈரத்தைத் தள்ளிவிடும். முந்தி உயிர்காப்பு அங்கிக்குள் அதை அடைத்ததும் அதனால்தான். மருந்துக்கடையில் விற்கும் உறிஞ்சும் பஞ்சு அவசரத்துக்கு வேலை செய்யும், ஆனால் நார் குறுகியது, பிய்ந்து பிய்ந்து வரும். நான் இப்போது பாவிப்பது வேப்புக்கென்றே வரும் நீள நார்ப் பஞ்சு, மச்சான் வீட்டார் யாராவது வரும்போது ஒரு பை வரும்.

ஒரு கீற்றைக் கிழித்து, ஒரு நுனியை மட்டும் முறுக்கிக் கொயிலுக்குள்ளால் இழுங்கள். கை சொல்ல வேண்டும். ஒரு தடையும் இல்லாமல் வழுக்கி வந்தால் பஞ்சு போதாது. கொயில் சேர்ந்து இழுபட்டு வளைந்தால் கூடிவிட்டது. கொயில் ஒரு நூல் அசைந்து, பஞ்சு "சர்" என்று உரசி வந்தால் அளவு சரி. பிறகு இரண்டு வாலையும் வெளிப்பக்கமாக நீட்டி, தாங்கியின் அடித்தட்டு விளிம்போடு வெட்டுங்கள். என் தாங்கிக்கு அந்த நீளம்தான் சரி. அதைவிடக் கட்டையாக வெட்டினால் வால் வாய்க்காலின் அடியைத் தொடாது, நீளம் கூடினால் உள்ளே மடிந்து அடைக்கும்.

அடுத்தது, நான் ஒரு மாதம் பிழை விட்ட இடம். வாலைச் சாவண நுனியால் வாரிவிட வேண்டும், குழந்தைக்குத் தலை வாருவது மாதிரி. மூன்றில் ஒரு பங்கு நார் கையோடு வந்துவிடும். கொயிலுக்குள் இருக்கும் பகுதி கட்டியாகவும், வால் பொதுபொதுவென்றும் இருக்கும். நான் முதலில் என்ன செய்தேன் என்றால், வாலை மெல்லிசாக்குவதற்குப் பதிலாக முழுப் பஞ்சையும் மெல்லிசாக்கினேன். கொயிலுக்குள்ளும் தளர்வு, வாய்க்காலிலும் இடைவெளி, பிறகு ஒழுகாமல் என்ன செய்யும்?

வாரியபின் சில துளி ஜூஸ் விட்டு நனைத்துக்கொண்டு, வாலை வாய்க்காலுக்குள் வையுங்கள். வைக்க வேண்டும், குத்தக்கூடாது. சாவணத்தால் ஓரங்களை மெல்லத் தட்டி விரித்து, கைவிளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். பஞ்சின் ஓரத்தால் எங்காவது வெளிச்சம் கீறாகத் தெரிந்தால் அதே கீறால் ஜூஸும் வரும். கைபேசித் திரைக்கு ஒட்டுப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இதில் கைகொடுத்தது.

அப்புறம் நிரப்புவது. திரி சரியாக இருந்தும் சிலருக்கு ஒழுகுவது இங்கே. மேலால் நிரப்பும் தாங்கியில், மூடியைத் திருகும்போது உள்ளே இருக்கும் காற்று அமுங்கி ஜூஸைப் பஞ்சுக்குள்ளால் தள்ளும். அதனால் நிரப்ப முதல் காற்றுத் துளையை முழுவதும் மூடுங்கள். நிரப்பி, மூடியைப் பூட்டி, தாங்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு துளையைத் திறங்கள். "புஸ்" என்று அமுக்கம் போனதும் நிமிர்த்தலாம். விளிம்புவரை ஜூஸ் விடாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுங்கள். புதுப் பஞ்சு என்றால் பத்து நிமிடம் பொறுத்துத்தான் முதல் இழுவை.

நம்முடைய வெயிலை வெளிநாட்டுக் காணொளிகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் விடும் ஜூஸில் பெரும்பங்கு கிளிசரின். தனிக் கிளிசரினின் பாகுத்தன்மை 20 பாகையில் இருப்பது 30 பாகையில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ரொறன்ரோவில் தேன் மாதிரி நிற்கும் ஜூஸ் சித்திரை வெயிலில் இங்கே எண்ணெய் மாதிரி ஓடும். மச்சான் அங்கே வைக்கும் அளவைவிட நான் வாலில் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு விடுவது அதனால்தான். கிளிசரின் 70, புறொப்பிலீன் கிளைக்கோல் (அதைவிட இளகின திரவம்) 30 என்ற கலவைதான் எனக்கு ஒத்துவருகிறது. 50க்கு 50 ஒருமுறை விட்டேன், அன்றே கைலேஞ்சி நனைந்தது. மோட்டார் சைக்கிள் சீற்றில் வெயிலில் விட்டுவிட்டுப் போனால் எந்தத் திரியும் காப்பாற்றாது. உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து ஜூஸை வெளியே தள்ளும். அரைவாசி வெறுமையான தாங்கி இன்னும் மோசம், அதில்தான் காற்று அதிகம்.

இழுக்கும்போது "களகள" என்று சத்தம் கேட்டால் அறை நிரம்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். ரிஷ்யூவை அடியில் பிடித்து, வாயால் ஒருமுறை ஊதித் தள்ளுங்கள். நாளுக்கு ஒருமுறை இது வந்தால் பஞ்சை மாற்ற வேண்டும். நான் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இனிப்பு கூடிய ஜூஸ் என்றால் மூன்றாம் நாளே கொயில் கரி பிடித்துவிடும், மாம்பழச் சுவையை நான் கைவிட்டது அதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. கம்பியைப் பிடிக்கும் திருகாணியின் தலை மிருதுவான உலோகம். ஒன்று வழுக்கி, நகைப்பட்டறையில் வெட்டுப் போட்டு எடுத்தோம். கண்ணாடி ஒன்று கடைத் தரையில் விழுந்து போனது, இப்போது இருப்பது கடைசி. அவசரமாகப் புறப்படும் காலையில் பஞ்சு கருகினால் இருபது நிமிடம் குந்தியிருக்க வேண்டும். எல்லாருக்கும் அந்தப் பொறுமை வராது.

பற்றரி விசயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. வீங்கிய கைபேசி பற்றரியை நாள்தோறும் பார்க்கிறவன் நான். வேப்புக்குள் போடும் 18650 என்ற உருளைப் பற்றரியின் மேலுறை ஒரு நகக்கீறு கிழிந்திருந்தாலும் போடமாட்டேன், சாவிக்கொத்தோடு ஒரே பையில் விடமாட்டேன். புதுக் கொயில் பூட்டினால் ஓம் அளவு நிலையாக நிற்கும்வரை அழுத்துவதில்லை. ஜூஸ் போத்தல் அலுமாரியின் மேல்தட்டில். அக்காவின் சின்னவன் வரும் நாட்களில் அலுமாரிக்குப் பூட்டு.

இரவு படுக்க முதல் தாங்கியை ஒரு வெள்ளை ரிஷ்யூவின் மேல் நிறுத்திவிடுவேன். விடிய எடுத்துப் பார்த்தால் ரிஷ்யூ காய்ந்திருக்கும். இந்த இரண்டரை வருடத்தில் நாலைந்து தரம் மட்டும் ஈர வளையம் கண்டேன். ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்த்தால், அவசரத்தில் வாலை வாராமல் விட்டிருப்பேன்.

மச்சான் இந்த முறையும் திருவிழாவுக்கு வருகிறானாம். என்ன வேண்டும் என்று கேட்டான். கண்ணாடி இரண்டு, கறுப்பு றப்பர் வளையம் ஒரு பை, திருகாணி நாலு என்று எழுதி அனுப்பினேன். அம்மா குசினிக்குள் இருந்து, தனக்குக் கோடாலித் தைலம் எழுதச் சொன்னா.