தட்டு சுற்றாத மைக்ரோவேவ்: வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை இலங்கையின் ஹட்டன் டவுனில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்குள்தான் நான் ஏமாந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை, போட்டால் அது வேறு தலைவலி. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறேன்.

2022ல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதிலிருந்தே, கரண்டில் சமைக்க வீட்டில் ஏதாவது ஒன்று வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் அவர் கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டும், நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். அடுப்பு மூட்டி ஊதிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. அம்மாவின் தீபாவளி முற்பணத்தோடு என் சம்பளத்திலும் கொஞ்சம் போட்டு, 32,000 ரூபாவுக்கு ஒரு மைக்ரோவேவ் வாங்கினோம்.

"1200 வாட்ஸ் அக்கா, இந்த விலைக்கு இவ்வளவு பவர் எங்கயும் கிடைக்காது" என்றான் கடைப் பையன். ஒரு கப் தண்ணீரை வைத்துக் கொதிக்கவும் வைத்துக் காட்டினான். "உள்ளே தட்டு சுற்றவில்லையே தம்பி?" என்று நான் கேட்கத்தான் செய்தேன். "இப்ப வர்ற மாடல்ல தட்டு சுத்தாது அக்கா. சுத்துறதெல்லாம் சும்மா பார்வைக்கு" என்றான். போதாததற்கு, இதில் வைத்துச் சூடாக்கலாம் என்று சொல்லி நான்கு மெலமைன் தட்டுகளை இனாமாகக் கொடுத்தான். மெலமைனை மைக்ரோவேவுக்குள் வைக்கவே கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இனாமே இப்படி.

அவன் சொன்னதில் பாதி உண்மை. தட்டு சுற்றாத மாடல்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தரை மேடுபள்ளம் இல்லாமல் ஒரே பலகையாக இருக்கும். அலைகளைக் கலைத்துவிட விசிறி மாதிரி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே சுற்றும். எனக்கு விற்றதில் தரையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முளை துருத்திக்கொண்டு நின்றது. அது மோட்டாரின் தலை, தட்டைச் சுற்ற வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. வீட்டில் தட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் முளை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தட்டின் அடிப்பக்கத்தில் அந்த முளையைக் கவ்வ மூன்று மேடுகள் இருக்க வேண்டும். இது சாப்பாட்டுத் தட்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. தட்டைத் தாங்கும் சின்னச் சக்கரங்கள் வைத்த வளையமும் இல்லை. வேறு ஏதோ மெஷினின் தட்டைப் போட்டு, பெட்டியை டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் பார்த்ததே என் தம்பி வயிற்றுக் கோளாறில் படுத்த பிறகுதான். தீபாவளிக்கு மறுநாள் சமைக்காமல் மிச்சமிருந்த கோழியில் மசாலா பிரட்டிப் பத்து நிமிடம் வைத்தேன். ஓரத்துத் துண்டுகள் கருகி ரப்பர் மாதிரி ஆகிவிட்டன. நடுவிலிருந்த தொடையைப் பிய்த்தால் உள்ளே சிவப்பு, விரலில் ஜில்லென்று ஒட்டியது. அதற்குள் தம்பி இரண்டு துண்டை முடித்திருந்தான். அடுத்த நாள் ராத்திரி தொடங்கிய வாந்தியும் வயிற்றுப்போக்கும் மூன்று நாள் விடவில்லை. கோழிதான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

விஷயத்தை விளக்கியவர் எங்கள் பாடசாலை விஞ்ஞான டீச்சர். மைக்ரோவேவ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அது உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பித் திரும்பி வரும்போது சில இடங்களில் சூடு குவியும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. தட்டு சுற்றினால் ஒவ்வொரு துண்டும் இரண்டு இடத்துக்கும் போய் வரும். சுற்றாவிட்டால் குளிர்ந்த இடத்தில் மாட்டிய துண்டு கடைசிவரை அங்கேயேதான்.

நம்பாமல் அப்பளம் வைத்துப் பார்த்தோம். சுற்றாத தட்டில் ஒரு பெரிய அப்பளம், முக்கால் நிமிடம். எடுத்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது! அங்கங்கே வெள்ளையாகப் பொரிந்த திட்டுகள், இடையில் பச்சை அப்பளம் அப்படியே வளைகிறது. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே மூன்று நான்கு விரல் தூரம். அலை நீளத்தில் பாதி, 6 சென்டிமீட்டர் என்று டீச்சர் ஸ்கேலை வைத்துக் காட்டினார்.

அப்புறம் வாட்ஸ். பின்பக்க ஸ்டிக்கரைப் பாதி சுரண்டி வைத்திருந்தார்கள், மிச்சத்தில் இன்புட் 1200, அவுட்புட் 800 என்று தெரிந்தது. 1200 என்பது மெஷின் இழுக்கிற கரண்ட். சாப்பாட்டுக்குப் போவது 800தான். சமையல் குறிப்புகளில் போடும் நேரமெல்லாம் அவுட்புட்டைப் பார்த்துத்தான். அந்த 800ஆவது வருகிறதா? லேபிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து பார்த்தோம். ஒரு லீட்டர் தண்ணீரை ஃபுல் பவரில் சரியாக ஒரு நிமிடம் வைத்து, கலக்கிவிட்டு, எத்தனை பாகை ஏறியது என்று பார்த்து 70ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அவுட்புட் வாட்ஸ் வந்துவிடும். எங்களுடையது 19லிருந்து 26க்கு ஏறியது. 7 பாகை, 490 வாட்ஸ். மத்தியானம் பார்த்தது இது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கி பல்பே மங்கும். அப்போது எவ்வளவு வந்திருக்கும் என்று நான் பார்க்கவில்லை.

நல்ல மெஷினிலும் கோழி வைப்பதானால் இடையில் இரண்டு தரம் திறந்து கிளற வேண்டும், பெரிய துண்டுகளை நடுவில் குவிக்காமல் ஓரமாக வட்டமாக வைக்க வேண்டும். அலை இறைச்சிக்குள் 2, 3 சென்டிமீட்டர்தான் போகும். அதற்கு உள்ளே சூடு தானாகத்தான் நகர்ந்து போக வேண்டும். அதனால் நிறுத்திய பிறகும் மூடியபடி ஐந்து நிமிடம் விட வேண்டும். கோழியின் தடித்த இடத்தில் 74 பாகை வந்திருந்தால்தான் சாப்பிடலாம். இதெல்லாம் கடைப் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம். வளையம் இல்லாதது முதலாளிக்குத் தெரியாமல் இருக்காது.

முதலாளியிடம் போனால், "டீச்சர், நீங்க பாவிக்கத் தெரியாம பாவிச்சிட்டு இங்க வந்து சத்தம் போடுறீங்க" என்றார். அப்பளத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கடையில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்ததும் குரல் இறங்கியது. ஒரு பழைய வளையமும் வேறு தட்டும் தந்தார். காசு மட்டும் முடியாதாம்.

1977க்கு எடுத்துக் கேட்டேன். நுகர்வோர் விவகார அதிகார சபையின் நம்பர் அது. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பில் இருந்ததால் கொடுத்துவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. பில்லில் மாடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். என் பில்லில் வெறுமனே "மைக்ரோவேவ் 1" என்றுதான் இருக்கிறது.

போன சனிக்கிழமை அந்த வழியாக வந்தபோது உள்ளே போனேன். அதே மாடல் இன்னும் மூன்று நின்றன. ஒன்றைத் திறந்து தட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வளையம் இல்லை.