சேலை, பஞ்சாபி சூட், பாஜு குரோங்: நாற்பதைத் தாண்டியவருக்குக் கோலாலம்பூரில் எது தோது?

நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு: "வயசுக்கேத்த மாதிரி உடுத்து." என்ன பொருள் என்று கேட்டால் வெளிர் நிறம், நீளக் கை, மூடிய கழுத்து என்று பதில் வரும். உடம்பு கேட்பதோ வேறு. இடுப்பில் சதை கூடியிருக்கும், மார்பு சற்று இறங்கியிருக்கும், மேற்கை பருத்திருக்கும், தோள் முன்போலப் பின்னால் வளையாது, நினைத்திராத நேரத்தில் உடம்பு கொதிக்கும். இந்த ஐந்துக்கும் எந்த உடை இடம் கொடுக்கிறது என்பதே இங்கே அளவுகோல். நிறம் அவரவர் விருப்பம். நரைத்த தலைக்கு மயில்கழுத்து நீலமும் அரக்குச் சிவப்பும் எடுப்பாகவே இருக்கும். யாரும் தடுக்க வேண்டியதில்லை.

உடையைவிடத் துணிதான் முதலில் தீர்மானிக்க வேண்டியது. கோலாலம்பூரில் மதியம் 32, 33 டிகிரி வெயில், கூடவே புழுக்கம். அங்கிருந்து எல்ஆர்டி ரயில் பெட்டிக்குள் ஏறினால் குளிர், அலுவலகத்தில் அதைவிடக் குளிர். மாதவிடாய் பெரும்பாலோருக்கு 45க்கும் 55க்கும் இடையில் நிற்கிறது. திடீர் வெப்பமும் வியர்வையும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடலாம். பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஏறக்குறைய 0.4 விழுக்காடு ஈரம்தான் பிடிக்கும். பருத்தி 8 விழுக்காட்டை ஒட்டியும், பட்டு 11 வரையும், ரேயான் அதற்கும் சற்று மேலும் பிடிக்கும். பாலியெஸ்டரில் வியர்வை துணிக்குள் போகாமல் தோலிலேயே நிற்கும். குளிர் அறைக்குள் நுழைந்ததும் அதே ஈரம் முதுகைச் சில்லிட வைக்கும். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருக்களில் கிரேப், ஜார்ஜெட் என்ற பெயரில் அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர்தான். சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்து, கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை தரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகச் சுருண்டுகொள்ளும். ரேயானுக்கு ஒரு குறை உண்டு: நனைந்தால் வலுவிழக்கும், சுருங்கவும் செய்யும். தைக்கக் கொடுக்கும் முன் பருத்தியையும் ரேயானையும் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இதைச் செய்யாததால்தான் இரண்டாம் சலவையில் கை ஏறிவிடுகிறது.

இனி சேலை. ஐந்தரை மீட்டர் துணிக்கு அளவே கிடையாது. பத்து கிலோ கூடினாலும் குறைந்தாலும் அதே சேலைதான். சேராமல் போவது ரவிக்கை மட்டுமே. பெரும்பாலான தவறு தையல் கடை வாசலிலேயே நடக்கிறது. "இதே அளவில் தைத்துவிடுங்கள்" என்று பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்துவிடுகிறோம். அதில் டாட்டின், அதாவது மார்புக்கு வடிவம் தரும் மடிப்புத் தையலின், முனை பத்து ஆண்டுக்கு முன் மார்பு இருந்த உயரத்தில் நிற்கிறது. விளைவு, மேலே துணி சுருங்கும், கீழே இழுக்கும். அன்று அணியப் போகும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு, தோள் தையலிலிருந்து மார்பு உச்சி வரை புதிதாக அளக்கச் சொல்லுங்கள். மேற்கையின் பருத்த இடத்தை அளந்து ஒன்றரை அங்குலம் கூட்டுங்கள்.

கைக்குழியில் பலரும் எதிர்மாறாகப் போகிறார்கள். பிடிக்கிறது என்றால் "குழியை இறக்குங்கள்" என்கிறார்கள். குழி இறங்க இறங்க, கை பக்கத்தோடு சேர்த்துக் கட்டியது போலாகி, கையைத் தூக்கினால் முழு ரவிக்கையும் மேலே ஏறும். குழி உயர்ந்திருந்து, அக்குளில் சிறு துண்டு ஒன்று வைத்துத் தைத்தால் கை தாராளமாக ஏறும். டாட்டுக்குப் பதில் மார்பின் மேல் வளைந்து இறங்கும் தையல் கொண்ட பிரின்சஸ் கட் கனத்த மார்புக்கு அழகாக உட்காரும், ஆனால் அந்த வளைந்த தையலின் உள்துணியை வெட்டிவிட்டிருப்பதால் பின்னால் அங்கே பிரித்து விரிக்க முடியாது. நான்கு டாட் ரவிக்கை அவ்வளவு வழவழப்பாக இராது, திருத்த எளிது. எதுவானாலும் இரு பக்கத்திலும் கையிலும் ஓரங்குலம் உள்துணி விட்டிருக்க வேண்டும்.

கொக்கி முன்புறமே இருக்கட்டும். தோள் இறுகி அசையாமல் போகும் வலி 40க்கும் 60க்கும் இடைப்பட்ட பெண்களுக்கு, அதிலும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, அதிகம் வருகிறது. அந்தத் தோளோடு முதுகுக் கொக்கியை மாட்டுவது வேதனை.

உள்பாவாடையின் நாடாவும் கவனிக்க வேண்டியது. இடுப்பில் ஒரே கோட்டில் இறுகும் கயிறு தோலைக் கருக்கி உரசும். இரண்டு அங்குலப் பட்டை வைத்துக் கொக்கி போட்டால் அழுத்தம் பரவும். உள்பாவாடைக்குப் பதில் அணியும் இறுக்கமான மீன்வெட்டு ஷேப்வேர் இடுப்பை ஒடுக்கிக் காட்டும், ஆனால் காலை எட்டி வைக்க முடியாது, சூடு வெளியேறாது. குளிரூட்டிய மண்டபத்தில் மூன்று மணி நேரக் கல்யாண விருந்துக்குச் சரி. கோயில் நாள் முழுக்க வேண்டாம். மடிப்பு தைத்த ரெடிமேட் சேலையில் நேரம் மிச்சம், ஆனால் இடுப்பு அளவு நிரந்தரமாகிவிடுகிறது. சேலையின் பெரிய வசதியே அதில் போய்விடுகிறது. வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் மூன்று வரிசைக் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். எஸ்கலேட்டர் ஏறுபவர்கள் முதலில் காலணியை மாட்டிக்கொண்டு பிறகு சேலையைக் கட்ட வேண்டும். கரை தரையிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கும்.

நடக்கவும் ஏறவும் பஞ்சாபி சூட்டுக்கு ஈடில்லை. பத்துமலையின் 272 படிகளைப் பட்டுச்சேலையில் ஏறி இறங்கியவருக்கு இதை விளக்க வேண்டாம். சிக்கல் ரெடிமேடில்தான். இடுப்புக்காக ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் தையல் கைமேல் சரிந்து, அணிந்தவர் களைத்தவர் போலத் தெரிவார். தோளுக்குப் பொருந்துவதையும், பக்கத் தையலுக்குள் பிரித்து விரிக்கத் துணி உள்ளதையும் எடுங்கள். பக்க ஓபன் (பக்கத் தையலில் விடும் பிளவு) இடுப்பின் அகன்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும், அங்கே மூன்று நான்கு அங்குலமாவது லூஸ் இருக்க வேண்டும். அதற்கு மேலேயே ஓபன் தொடங்கினால் முன்பகுதி வயிற்றின் மேல் விரிந்து நிற்கும். நீளம் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடியாமல் முழங்காலை ஒட்டி முடிந்தால் உயரம் குன்றாது. சுடிதார் கால் இந்தப் புழுக்கத்தில் முழங்காலில் ஒட்டிக்கொள்ளும். நேரான பருத்திக் கால்சட்டை மேல். ஷால் நைலானாக இருந்தால் நாளெல்லாம் தோளிலிருந்து வழுக்கும்.

தளர்ந்த நீள மேல்சட்டையும் நீளப் பாவாடையுமான பாஜு குரோங்கை மலாய்க்காரர் உடை என்று ஒதுக்குபவர்கள் இன்றும் உண்டு. தமிழாசிரியைகளும் அரசு அலுவலகப் பெண்களும் அதை விரும்பி அணிவதற்குக் காரணம் அதன் வெட்டிலேயே இருக்கிறது. அக்குளில் கெகெக் எனும் துண்டு, பக்கத்தில் பெசாக் எனும் விரிபட்டை. மார்பிலும் இடுப்பிலும் டாட்டே கிடையாது. கை தலைக்கு மேல் ஏறினாலும் உடை நகராது, வயிறு உப்பினாலும் பிடிக்காது. ரவிக்கைக்குச் சொன்ன அக்குள் துண்டின் வேலைதான் இதுவும். 45 அங்குல அகலத்தில் நான்கு மீட்டர் துணி வேண்டும்.

ஆனால் கடைகளில் தொங்கும் "மோடன்" வகையைப் பார்த்து எடுங்கள். இடுப்பில் டாட், முதுகில் ஜிப் வைத்து, அக்குள் துண்டை எடுத்துவிட்டிருப்பார்கள். குரோங்கின் நன்மை எல்லாம் அதோடு போயிற்று. அடுத்த குறை கீழ்ப்பாவாடை. காலை எட்டி வைக்க முடியாது, பேருந்துப் படியில் தூக்கிப் பிடிக்க வேண்டிவரும். உயரம் குறைந்தவர் முழங்கால் வரை நீளும் மேல்சட்டையில் மூழ்கிவிடுவார். அவர்களுக்குக் கெடா வகை பொருந்தும்: இடுப்பளவு நீளம், அகன்ற கழுத்து, முக்கால் கை. பினாங்கில் லெபோ பாசார் பக்கம் வெயிலில் நடப்பவர்களுக்கும் அதுவே காற்றோட்டம்.

குர்த்தியும் ஜீன்ஸும் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பஞ்சாபி சூட்டுக்கான தோள் விதியும் ஓபன் விதியும் அப்படியே பொருந்தும், ஜீன்ஸின் கனம் மட்டும் இந்த ஊருக்கு மிகை.

ஆக, அலுவலக நாளுக்குப் பருத்தி அல்லது ரேயானில் பழைய வெட்டு குரோங்தான் முதல் இடம். படியேறும் நாளுக்கும் கடைத்தெருவுக்கும் பஞ்சாபி சூட். விருந்துக்கும் வீட்டு விசேஷத்துக்கும் சேலையை வெல்ல எதுவுமில்லை, ரவிக்கை இன்றைய உடம்புக்குத் தைத்ததாக இருந்தால். கையில் ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் என்றால் புதுச்சேலை வேண்டாம். இருக்கும் சேலைகளில் பலவற்றோடு சேரும் நிறத்தில் இரண்டு ரவிக்கைகளைப் புதிதாக அளந்து தைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கென்றால் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரங்களில் போட்டுப் பார்க்க நேரம் தரமாட்டார்கள். போட்டுப் பார்க்கும் நாளில் கண்ணாடி முன் நின்றால் மட்டும் போதாது. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து காலணி வாரைப் போடுங்கள். கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அங்கேயே சொல்லுங்கள். பிரித்து விரிக்க உள்ளே ஓரங்குலத் துணி இருக்கிறது.