சிஐஎஸ்எஸ்பி-யா, சிஐஎஸ்எம்-ஆ?

சைபர் செக்யூரிட்டில மேனேஜர் லெவலுக்குப் போகணும்னு நினைக்கிறவங்க கடைசில வந்து முட்டி நிக்கிறது இந்த ரெண்டு சர்டிஃபிகேட்லதான். முதலாவது ஐஎஸ்சி2ங்கிற அமைப்பு குடுக்கறது, ரெண்டாவது ஐசாக்காங்கிற அமைப்பு.

சிஐஎஸ்எஸ்பி சிலபஸ் பெரிய கடல். 8 டொமைன், அதாவது பாடப்பகுதி, தகவலை ரகசியக் குறியீடா மாத்துற கிரிப்டோகிராபில ஆரம்பிச்சு நெட்வொர்க், கோடிங் செக்யூரிட்டின்னு போய் சர்வர் ரூம்ல தீப்பிடிச்சா எப்படி அணைக்கிறதுங்கிற வரைக்கும் வரும். எக்ஸாம் 3 மணி நேரம், 100லருந்து 150 கேள்வி, நீங்க சொல்ற பதிலைப் பாத்து கம்ப்யூட்டரே அடுத்த கேள்விய எடுக்கும், ஒருதடவை அடுத்ததுக்குப் போயிட்டா திரும்பி வந்து மாத்த முடியாது, நிறைய பேருக்கு வயித்தக் கலக்குறது இதுதான்.

சிஐஎஸ்எம்ல 4 டொமைன்தான், 150 கேள்வி, 4 மணி நேரம், மாத்திக்கவும் செய்யலாம். டெக்னிக்கல் கம்மி. அதுக்காக ஈஸின்னு நினைச்சிடாதீங்க, நாலு ஆப்ஷனும் சரி மாதிரியே இருக்கும், உடனே ஃபயர்வால்ல (நெட்வொர்க்குக்கு காவல் நிக்கிற தடுப்பு) கை வைக்கிற ஆளா யோசிச்சா அவ்ளோதான், முதல்ல பிசினஸுக்கு என்ன ரிஸ்க்னு பாக்கணும்.

ரெண்டுக்கும் 5 வருஷ அனுபவம் கேப்பாங்க. சிஐஎஸ்எஸ்பிக்கு 8ல ஏதாவது 2 டொமைன்ல இருந்தா போதும், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட டிகிரி இருந்தா 1 வருஷம் தள்ளுபடி. சிஐஎஸ்எம்க்கு செக்யூரிட்டி மேனேஜ்மெண்ட் வேலையாவே இருக்கணும், 2 வருஷம் வரைக்கும் தள்ளுபடி உண்டு.

என்னக் கேட்டா எஸ்ஓசி (சைபர் தாக்குதல் வருதான்னு கண்காணிக்கிற டீம்), நெட்வொர்க்னு கைவேலை பாக்கறவங்க சிஐஎஸ்எஸ்பி முதல்ல போடுங்க, ஏற்கனவே ஆடிட், ரிஸ்க் டீம்ல இருந்தா நேரா சிஐஎஸ்எம் போயிடலாம்.