குரல் பதிவைச் ‘சுத்தம்’ செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

வீட்டில் பதிவு செய்த குரலைக் கணினி விளையாட்டு ஒலிகளுக்கு ஏற்ற தரத்துக்கு மாற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு இணையச் சேவையிடம் எங்கள் குழுவின் உறுமல், அலறல், அடிபட்ட முனகல் கோப்புகளைக் கொடுத்தோம். முழுத் தொகையையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் கொடுத்தது 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது), 24 பிட் (ஒவ்வோர் அளவின் நுட்பம்) கொண்ட, சுருக்கப்படாத வேவ் கோப்பு. திரும்பி வந்தது, பெயரளவில் 96 கிலோஹெர்ட்ஸ். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘வேலை முடிந்துவிட்டது’ என்பதே பதில்.

இந்த மோசடியைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் கோப்பைத் திறந்து, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். அலறலின் மேல்பகுதி 16 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே ஒரே நேர்க்கோட்டில் அறுந்து நின்றால், இடையில் யாரோ அதைக் குறைந்த பிட்ரேட் (அதிகம் சுருக்கிய) எம்பி3 ஆக்கி, மறுபடி வேவாகச் சேமித்திருக்க வாய்ப்பு மிக அதிகம். எங்கள் கோப்புகள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது; அசலில் இல்லை. பேச்சுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. ஆனால் அரக்கன் குரலுக்காக ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது அதிர்வெண்ணைப் பாதியாக, இறக்கினால் அந்த 16, 8 ஆகிவிடும். அதற்கு மேலே ஒன்றுமே இருக்காது, உறுமல் மந்தமாகிவிடும். 48-ஐ 96 ஆக்குவதாலும் இழந்தது திரும்பாது.

இரைச்சல் நீக்கம் அடுத்த கேடு. மூச்சின் வால்பகுதியும் கரகரப்பும் இரைச்சலைப் போலவே பரந்த அதிர்வெண்ணில் இருப்பவை. அளவுக்கு மீறி நீக்கினால் அவையும் சேர்ந்து போய், மிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து வரும் குரல்போல் குழைகிறது. 6 முதல் 12 டெசிபெல் வரை குறைத்தால் பெரும்பாலும் போதும். அதற்கு, பதிவின் தொடக்கத்தில் 10 வினாடி யாரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பிடித்து வையுங்கள். அதையே இரைச்சலின் மாதிரியாக மென்பொருளுக்குக் கொடுக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைக்கும் ஹை-பாஸ் வடிகட்டி போட்டால் மின்விசிறி அதிர்வும் மேசைத் தட்டலும் பெரும்பாலும் போய்விடும். ஆழ்ந்த உறுமலுக்கு மட்டும் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அறை எதிரொலியை ‘முழுவதும் எடுத்துவிடுவோம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். விளையாட்டை இயக்கும் மென்பொருளான எஞ்சின், குகைக்கும் கூடத்துக்கும் தன் எதிரொலியைச் சேர்க்கும். உங்கள் அறையின் எதிரொலியும் சேர்ந்தால் குழப்பம்தான். பேசுபவரின் முதுகுக்குப் பின்னாலும் பக்கங்களிலும் கனமான போர்வை தொங்கவிட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்தில் சற்றுச் சாய்த்து வையுங்கள். சுவரில் ஒட்டும் ஒரு அங்குல ஃபோம் (பஞ்சுப் பலகை) உயர் அதிர்வெண்ணை மட்டுமே உறிஞ்சும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது.

அலறலுக்கு கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை)க் குறைத்து, உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். பதிவிலேயே வரம்பு மீறி உச்சி வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்காது. அந்தச் சேவையிடமிருந்து வந்த கோப்புகளோ உச்ச வரம்பான பூஜ்யம் டெசிபெல்வரை ஏற்றப்பட்டிருந்தன. விளையாட்டில் நாலு ஒலிகள் ஒன்றாக ஒலித்தால் கரகரவென உடையும். போதாததற்கு, எம்பி3 சேர்க்கும் சிறு மௌனமும் தொடக்கத்தில் அப்படியே இருந்தது. அதனால் அடி விழுந்த பிறகு முனகல் தாமதமாக வரும்.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மெல்லிய மூச்சும் உச்ச அலறலும் உள்ள ஒரே ஒரு கோப்பை முதலில் கட்டணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மோனோ (ஒற்றைத் தடம்), 24 பிட், கொடுத்த அதே சாம்பிள் ரேட் என்று எழுத்தில் வாங்குங்கள். அசலையும் வந்ததையும் ஸ்பெக்ட்ரோகிராமில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள்.